ஓட ஆரம்பிச்சதும் பசி பிடுங்குதா? உடற்பயிற்சி தரும் பசியை எப்படிச் சமாளிப்பது? முழு விளக்கம்

"காலையில ரன்னிங் போறேன். வந்து நாலு இட்லி சாப்பிடுறேன். ஆனா 11 மணிக்கே மறுபடியும் வயித்தைக் கிள்ளுது. உடம்பைக் குறைக்கத்தானே ஓடுறேன், இப்படிச் சாப்பிட்டா எப்படிக் குறையும்?"

உடற்பயிற்சி தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாததால் சிலர் பசியோடு சண்டை போடுகிறார்கள். சிலர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், "அதான் ஓடுறோமே" என்று கண்டதையும் சாப்பிட்டு, மாதக் கடைசியில் எடை மெஷினைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது சிங்காரப்பேட்டை. இந்தப் பகுதியையும் ஓசூர் தொழிற்பேட்டைகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பசியின் மூன்று முகங்களும் தெரியும்.

முதல் முகம், போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர். இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்பே ஓட்டம், தண்டால், கயிறு ஏறுதல் என்று உழைப்பவர்.

இரண்டாவது, ஊரை விட்டு ஓசூருக்குப் போய், அறை எடுத்துத் தங்கி, கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அதற்குப் பிறகு ஜிம்.

மூன்றாவது, டாக்டர் "சுகர் பார்டர்ல இருக்கு, நடங்க" என்று சொன்னதால் நடக்கத் தொடங்கிய 45 வயதுக்காரர்.

மூன்று பேருக்கும் பசி எடுக்கிறது. ஆனால் மூன்று பேரின் பசியும் ஒன்றல்ல. அதனால் தீர்வும் ஒன்றாக இருக்க முடியாது. பசியை அடக்குவதா, அள்ளிப் போடுவதா என்பதல்ல கேள்வி. அது எதைக் கேட்கிறது என்று புரிந்துகொள்வதுதான் விஷயம்.

பசி ஏன் கூடுது?

பசி என்பது வயிறு மட்டும் எடுக்கும் முடிவு இல்லை. வயிறு, குடல், கொழுப்பு செல்கள், மூளை எல்லாம் சேர்ந்து பேசிக்கொள்ளும் விஷயம். பேசிக்கொள்ளும் மொழி, ஹார்மோன்கள்.

இதில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, கிரெலின். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. பெரும்பாலும் வயிற்றில் சுரந்து, "சாப்பாடு வேணும்" என்று மூளைக்குச் சொல்லும். இன்னொன்று, லெப்டின். 1994-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு செல்களில் சுரந்து, "கையிருப்பு இருக்கு, கவலைப்படாதே" என்று சொல்லும்.

வேகமாக ஓடி முடித்த உடனே பலருக்குப் பசியே இருக்காது. கவனித்திருக்கிறீர்களா? கடுமையான பயிற்சியின்போது கிரெலின் தற்காலிகமாகக் குறைகிறது. ரத்த ஓட்டமும் குடலை விட்டுத் தசைகளுக்குப் போகிறது. அதனால் அந்த நேரத்தில் சாப்பாட்டைப் பார்த்தாலே சிலருக்குக் குமட்டும்.

ஆனால் இந்த அமைதி கொஞ்ச நேரம்தான். உடல் நிதானத்துக்கு வந்ததும், செலவான சக்தியைத் திரும்பக் கேட்கும். 6 மணிக்கு ஓடியவருக்கு 11 மணிக்கு வயிறு கிள்ளுவது இதனால்தான். பசி இல்லையே என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டவருக்கு இது இரட்டிப்பாகத் தெரியும்.

தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதிக எடை கொண்ட 58 பேரை 12 வாரம் பயிற்சி செய்ய வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. வெறும் வயிற்றில் அவர்களுக்கு இருந்த பசி முன்பைவிடக் கூடியிருந்தது. அதேநேரம், சாப்பிட்ட பிறகு "போதும்" என்ற உணர்வும் முன்பைவிட நன்றாக வந்தது. அதாவது, உடற்பயிற்சி பசியைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உணர்வையும் கூர்மையாக்குகிறது. அந்தக் குரல் காதில் விழும் அளவுக்கு நிதானமாகச் சாப்பிடுகிறோமா என்பதுதான் கேள்வி.

சணல் ஆலைத் தொழிலாளர்கள் காட்டிய உண்மை

"உழைச்சா பசிக்கும், உட்கார்ந்தா பசிக்காது" என்பது நம் ஊர்க் கணக்கு. அது பாதிதான் சரி என்பதை ஒரு இந்தியத் தொழிற்சாலையே காட்டியது.

கொல்கத்தா அருகே செங்கைல் என்ற இடத்தில் இருந்த சணல் ஆலையில், 213 ஆண்களின் வேலை, எடை, சாப்பாடு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானியும் அவருடைய இந்திய சக ஆய்வாளர்களும். 1956-ல் முடிவுகள் வெளியாயின. கடையில் உட்கார்ந்திருப்பவர், கிளார்க் தொடங்கி, நாள் முழுக்க மூட்டை சுமப்பவர் வரை எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

லேசான வேலை செய்பவரில் தொடங்கி கடும் வேலை செய்பவர் வரை, உழைப்பு கூடக்கூடச் சாப்பாடும் கூடியது. ஆனால் எடை கூடவில்லை. உடல் செலவுக்கு ஏற்ப வரவை வைத்துக்கொண்டது.

ஆச்சரியம் அடுத்த பக்கத்தில் இருந்தது. உடலை அசைக்காமல் உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம்.

இது ஒரே ஒரு ஆலையின் கணக்கு. சுமை தூக்குபவரின் வருமானமும் சாப்பாடும் வேறு, கிளார்க்கின் வருமானமும் சாப்பாடும் வேறு. எனவே எல்லாவற்றையும் உழைப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் 70 ஆண்டுகளாக இந்த ஆய்வு பேசப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பசியும் சாப்பாடும் ஒத்துப்போக உடலுக்குக் கொஞ்சமாவது அசைவு தேவை என்ற எண்ணத்தை அது விதைத்தது.

ஆகவே, நடக்கத் தொடங்கியதும் பசி வந்தால் பயப்பட வேண்டாம். பழுதாகிக் கிடந்த மீட்டர் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ கணக்கு எங்கே தப்புது?

தப்பு பசியில் இல்லை. நாம் போடும் மனக்கணக்கில்தான்.

60 கிலோ எடை உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 300 கலோரி செலவாகும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி என்பது சுலபமான கணக்கு. அதே ஆள் 45 நிமிடம் வேகமாக நடந்தால் செலவு 200 கலோரிக்குப் பக்கம்.

இப்போது வரவைப் பாருங்கள். சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று சுமார் 70 கலோரி. மெதுவடை ஒன்று சுமார் 150. நடந்து முடித்து டீக்கடையில் ஒரு டீ, ஒரு வடை சாப்பிட்டால் 220. நடையின் மொத்தச் செலவும் அங்கேயே கழிந்துவிட்டது. ராத்திரி பரோட்டா கடையில் ஒரு பரோட்டா, அளவைப் பொறுத்து 250 கலோரிக்கு மேல். மூன்று பரோட்டா, சால்னா என்றால் 800-ஐத் தாண்டும். 5 கிலோமீட்டர் ஓட்டத்தைப் போல இரண்டரை மடங்கு.

இதற்காக வடையே சாப்பிடக் கூடாது என்று அர்த்தமில்லை. "இன்னிக்கு நடந்துட்டேன், அதனால சாப்பிடலாம்" என்று பயிற்சிக்குப் பரிசாகச் சாப்பிடுவதுதான் பிரச்னை. அந்த நேரத்தில் கேட்பது வயிறு இல்லை, மனசு.

சரி, உழைப்பவருக்கு உண்மையில் எவ்வளவு கூடுதலாகத் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை இது.

ஆண் (65 கிலோ): உட்கார்ந்த வேலைக்கு 2,110 கலோரி. மிதமான உழைப்புக்கு 2,710. கடும் உழைப்புக்கு 3,470.

பெண் (55 கிலோ): உட்கார்ந்த வேலைக்கு 1,660. மிதமான உழைப்புக்கு 2,130. கடும் உழைப்புக்கு 2,720.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "மிதமான உழைப்பு" என்பது நாள் முழுவதற்குமான கணக்கு. காலையில் 45 நிமிடம் நடந்துவிட்டு, மீதி நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் அந்த வரிசைக்குப் போய்விட மாட்டார். ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, அதற்கு மேல் ஜிம்முக்கும் போகிறவருக்கு அந்தச் சாப்பாடு நிஜமாகவே தேவை. அவர் "டயட்" என்று சொல்லி இரண்டு சப்பாத்தியோடு படுத்தால், மறுநாள் லைனில் நிற்கும்போது கண் இருட்டத்தான் செய்யும்.

இது நிஜப் பசிதானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பசி மாதிரியே வேஷம் போட்டு வருபவை மூன்று இருக்கின்றன.

1. தாகம்: வியர்த்துக் கொட்டிய பிறகு வரும் சோர்வும் லேசான தலைவலியும் பசி போலத் தோன்றலாம். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் அல்லது உப்புப் போட்ட மோர் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் குறைவு என்று அர்த்தம்.

2. தூக்கக் குறைவு: நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டபோது பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசி 24 சதவீதம் கூடியது. அதுவும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதே ஆசை அதிகம் வந்தது. ஷிப்ட் முடிந்து வரும்போது பேக்கரி வாசலில் கால் தானாக நிற்பதற்கு மனஉறுதி இல்லாதது காரணமில்லை. தூக்கம் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

3. பழக்கம்: தினமும் 4 மணிக்கு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்ட உடம்பு, 4 மணி ஆனால் கேட்கும்.

வித்தியாசம் தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். "இப்போ களியும் கீரையும் கொடுத்தா சாப்பிடுவேனா?" என்று உங்களையே கேளுங்கள். ஆமாம் என்றால் நிஜப் பசி, சாப்பிடுங்கள். "இல்ல, பப்ஸ்தான் வேணும்" என்றால் அது ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் அதைப் பசி என்ற கணக்கில் எழுதாதீர்கள்.

என்ன சாப்பிட்டால் பசி நிற்கும்?

மூன்று விஷயங்கள் வயிற்றில் நீண்ட நேரம் நிற்கும். புரதம், நார்ச்சத்து, மென்று சாப்பிடும் திட உணவு. இந்த மூன்றுக்கும் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பஞ்சமே இல்லை.

ராகி: இந்த வட்டாரத்தின் அடையாளம். எல்லை தாண்டி கர்நாடகாவில் முத்தே என்பார்கள், இங்கே களி. 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் 100 கிராமுக்கு சுமார் 364 மில்லிகிராம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ராகி என்றால் கலோரியே இல்லை என்று அர்த்தமில்லை. 100 கிராம் மாவில் சுமார் 320 கலோரி இருக்கிறது, அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. புரதமும் 7 கிராம்தான். "ராகிதானே" என்று மூன்று உருண்டை உள்ளே போனால் கணக்கு ஏறத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல், களியை யாரும் மெல்லுவதில்லை. குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுசாகப் போய்ச் சேர 20 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் இரண்டாவது உருண்டையும் இறங்கிவிடும். அதனால் களியோடு மெல்ல வேண்டிய ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரைப் பொரியல், அவரைக்கொட்டை, கொள்ளு, முட்டை என எதுவாகவும் இருக்கலாம்.

கொள்ளு: 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். சுண்டலாகச் சாப்பிட்டால் மெல்லவும் வேண்டியிருக்கும், வயிறும் நிற்கும். "கொள்ளு சாப்பிட்டா கொழுப்பு கரையும்" என்ற பேச்சை நம்பி அதை மருந்தாக்க வேண்டாம். நல்ல புரத உணவு என்ற அளவில் அது போதுமானது.

நிலக்கடலை: புரதம் நிறைய. கலோரியும் நிறைய. ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், போதும். பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு போன் பார்த்தால் அளவு தெரியாது.

முட்டை: ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், 70 கலோரி. பசிக்கு இதைவிட மலிவான தீர்வு குறைவு.

மாம்பழம்: கிருஷ்ணகிரியில் சீசனில் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஜூஸாகக் குடிக்காமல் பழமாகச் சாப்பிடுங்கள். சுகர் இருப்பவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கூழ், மோர் போன்றவை தண்ணீரும் உப்பும் தருபவை. வெயிலில் ஓடிவந்தவருக்கு அருமையான பானம். ஆனால் கூழ் மட்டும் குடித்துவிட்டு மதியம் வரை தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குடிப்பதைவிடக் கடித்துச் சாப்பிடுவதுதான் பசியை அதிக நேரம் நிறுத்தும்.

புரத பவுடர் வேணுமா?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே வரும் கேள்வி. சாதாரணமாக ஒருவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் பரிந்துரை. 60 கிலோ என்றால் தினமும் 50 கிராம். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1.2 கிராமும் அதற்கு மேலும் தேவைப்படலாம் என்று விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் குறைந்தது 72 கிராம்.

இது வீட்டுச் சாப்பாட்டில் கிடைக்குமா? கூட்டிப் பார்ப்போம்.

ராகி மாவு 150 கிராம்: 10 கிராம். அரிசி 150 கிராம்: 12. பருப்பு 40 கிராம்: 9. கொள்ளு 50 கிராம்: 11. முட்டை 2: 12. பால் ஒரு டம்ளர்: 6. நிலக்கடலை ஒரு கைப்பிடி: 7. மொத்தம் 67 கிராம். (தானியம், பருப்பு எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.) இரவில் ஒரு கப் தயிர் சேர்த்தால் தேவை கிட்டத்தட்ட நிறைந்துவிடும். பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் முட்டை வாங்கலாம்.

2024 மே மாதம் வெளியான ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டுதலும், உடம்பை ஏற்றுவதற்காகப் புரத பவுடர்களைச் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

யாருக்கு எந்த நேரத்தில் சாப்பாடு?

போலீஸ் தேர்வுக்கு ஓடுபவர்: வெறும் வயிற்றில் கடும் பயிற்சி வேண்டாம். ஓடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். முடிந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முழுக் காலைச் சாப்பாடு. பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிடுங்கள், கிரெலின் அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். இட்லி, தோசை மட்டும் போதாது. கூடவே முட்டையோ சுண்டலோ இருக்கட்டும். 11 மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி கடலை. இவருக்குப் பட்டினி ஆபத்து. சாப்பாடு குறைந்தால் ஓட்டத்தின் வேகம் குறையும், காயமும் சீக்கிரம் வரும். ஒரு வருட உழைப்பு அந்த 7 நிமிடத்தில் வீணாகிவிடக் கூடாது.

ஷிப்ட் தொழிலாளி: கடிகாரத்தைப் பார்க்காமல் ஷிப்டைப் பார்த்துச் சாப்பாட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாடு. நடுவில் பிரேக்கில் லேசாக, சுண்டல், முட்டை, பழம் என. முடிந்து வந்து மிதமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே தூக்கம். தூங்காமல் ஜிம்முக்குப் போகாதீர்கள். முதலில் தூக்கம், பிறகுதான் பயிற்சி. பசிக்கும்போதெல்லாம் டீ குடிப்பதும் தீர்வில்லை. அது பசியைத் தள்ளிப் போடும், தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்தும் சரியாக உடலில் சேராது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அறையில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள், டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சுகருக்காக நடப்பவர்: இவர் கூடுதலாகச் சாப்பிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சாப்பாட்டை மாற்றி அமைத்தால் போதும். நடந்துவிட்டு டீக்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால்வாசி பருப்பு, முட்டை, மீன். மீதிக் கால்வாசிதான் களியோ சோறோ.

இவர் எடை மெஷினைப் பார்த்து மனம் தளரவும் வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 200 கலோரி செலவழித்தால், சாப்பாட்டைக் கூட்டாமல் இருந்தாலும் ஒரு மாதத்தில் ஒரு கிலோகூடக் குறையாது. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எடைக்காகக் காத்திருக்காமல் முன்பே இறங்கத் தொடங்கும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டங்கள்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியதும் இந்த நோக்கத்தில்தான்.

இந்தப் பசியை அலட்சியப்படுத்தாதீர்கள்

எல்லாப் பசியும் பயிற்சியால் வருவதில்லை. கீழே உள்ளவை இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

• நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம். இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது.

• அகோரப் பசி, படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு எல்லாம் பல வாரமாக நீடித்தால் தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம்.

• சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு நடக்கும்போது திடீர்ப் பசி, வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். அது சர்க்கரை தாழ்ந்துபோனதன் அறிகுறி. அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மெஷின் கையில் இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். நடக்கப் போகும்போது பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

• கடும் பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, சாப்பாடு போதவில்லை என்று உடல் சொல்வதாக இருக்கலாம். "ஒல்லியாயிட்டேன்" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம். வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்டதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான்.

சுருக்கமாகச் சொன்னால்...

பசி எடுத்தால் முதலில் தண்ணீர். 15 நிமிடம் கழித்தும் பசித்தால் சாப்பாடு. தட்டில் புரதமும் காய்கறியும் இருக்கிறதா என்று ஒரு பார்வை. மென்று, மெதுவாக. ராத்திரி நிம்மதியான தூக்கம். இரண்டு வாரம் இப்படி இருந்து பாருங்கள், 11 மணிப் பசியின் குணம் மாறியிருப்பது உங்களுக்கே தெரியும்.

ஓட ஆரம்பித்த உடம்பு கேட்கத்தான் செய்யும். கேட்கிறது என்பதற்காக ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். 7 நிமிடத்துக்காக ஓடுபவருக்கும் சரி, சுகருக்காக நடப்பவருக்கும் சரி, பசியைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுவதுதான் உண்மையான நஷ்டம்.

(இங்கே சொல்லப்பட்டவை பொதுவான தகவல்கள். கலோரி அளவுகள் தோராயமானவை. சர்க்கரை, சிறுநீரகம், இதயம் தொடர்பான பிரச்னை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் உணவையும் பயிற்சியையும் மாற்றும் முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)